லேபிள் மறுத்த பிறகு, ட்ராக்கைத் தொடுவதற்கு முன்

எலெக்ட்ரானிக் இசை தயாரிக்கிறவர்களுக்கு லேபிளின், அதாவது இசையை வெளியிடும் நிறுவனத்தின், மறுப்பு பெரும்பாலும் மௌனமாகத்தான் வருகிறது. பதில் வந்தாலும், "நல்ல ட்ராக், எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். மாதக்கணக்கில் உழைத்த ஒன்றுக்கு இவ்வளவுதானா என்று மனம் சோர்ந்துபோகும். ஆனாலும் அந்த வரியைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்காமல், சொன்னபடியே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

1962 ஜனவரி 1 அன்று பீட்டில்ஸ் குழுவினர் லண்டனில் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் 15 பாடல்களை வாசித்துக் காட்டினார்கள். டெக்கா அவர்களை மறுத்து, லண்டனை ஒட்டிய பகுதியைச் சேர்ந்த வேறொரு குழுவை எடுத்துக்கொண்டது. பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அந்த வாசிப்பைப் பதிந்த ஒலிநாடாவை ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்த எச்எம்வி கடைக்கு எடுத்துச் சென்று இசைத்தட்டாக வெட்டிக்கொண்டார். அங்கு கிடைத்த அறிமுகம் அவரை ஈஎம்ஐ இசை நிறுவனத்தின் பார்லஃபோன் பிரிவில் இருந்த தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் கொண்டு சேர்த்தது. மார்ட்டினும் அந்த ஒலிப்பதிவைக் கேட்டுச் சொக்கிப்போய்விடவில்லை. ஆனால் ஜூன் மாதம் குழுவை ஸ்டுடியோவுக்கே வரவழைத்துக் கேட்டார். எப்ஸ்டீன் ஒலிநாடாவில் எதையும் மாற்றவில்லை, கேட்கும் ஆளைத்தான் மாற்றினார் என்பதே இந்தக் கதையில் எனக்கு முக்கியம்.

என் ட்ராக் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 128 பிபிஎம் வேகம், அதாவது நிமிடத்துக்கு 128 தட்டுகள். தொடக்கத்தில் 32 பார்களுக்கு (ஒரு பாருக்கு நான்கு தட்டுகள்) தவிலும் கிக் டிரம்மும் மட்டுமே ஒலிக்கும். அந்த வேகத்தில் 32 பார் என்பது சரியாக ஒரு நிமிடம். ஸ்ட்ரீமிங்கை நம்பி இயங்கும் ஒரு லேபிள், முதல் நிமிடத்தில் மெட்டே வரவில்லை என்று மறுத்தது. அவர்கள் நிலையில் அது முற்றிலும் நியாயம், ஏனென்றால் செயலியில் கேட்பவர் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டார். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கோடு அடுத்ததைக் கலக்க வேண்டிய டிஜேவுக்கு அந்த நிமிடம் இல்லாமல் கை ஓடாது. ஆகவே அதை நான் வெட்டவில்லை.

இன்னொரு குறை வேறு வகையானது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு லேபிள்கள், பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) பலவீனமாக இருக்கிறது என்று ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. என் ஸ்பீக்கரில் அது நெஞ்சில் இடித்தது. போனில் போட்டுக் கேட்டால் காணாமல் போயிருந்தது. பேஸின் அடிப்படை அதிர்வெண் சுமார் 45 ஹெர்ட்ஸ். போனின் சிறிய ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. ஒலியைச் சற்றே சிதைத்து மேல் அதிர்வெண்களை எழுப்பும் சாச்சுரேஷனைச் சேர்த்ததும் அதன் மடங்குகளான 90, 135, 180 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் ஒலி எழுந்தது. மேல் மடங்குகள் கேட்டாலே, இல்லாத அடித்தளத்தையும் காது தானாக நிரப்பிக்கொள்ளும். மாற்றியது அவ்வளவுதான், மிக்ஸின் மற்ற பகுதிகளில் கை வைக்கவில்லை.

இந்த இரண்டு மறுப்புகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒரு லேபிள் தன் ரசிகர்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு ட்ராக்கின் உருவத்தையே சிதைத்துவிட்டு, பிறகு அடுத்த லேபிளுக்காக மீண்டும் மாற்றிக்கொண்டிருக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. டெமோ (மாதிரி ஒலிப்பதிவு) அனுப்புவதற்கு முன்பே அந்த லேபிளின் அண்மை வெளியீடுகளைக் கேட்டு, தொடக்கம் எவ்வளவு நீளம், குரல் எப்போது நுழைகிறது என்று குறித்துக்கொண்டால் பாதி மறுப்புகளைத் தவிர்த்துவிடலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகாத வரை மாஸ்டரின் (இறுதி ஒலிப்பதிவின்) உரிமை நம்மிடமே இருக்கிறது. நீண்ட தொடக்கம் கொண்ட அந்த ட்ராக்கை, டிஜேக்களுக்காகவே வெளியிடும் ஒரு சிறிய லேபிளுக்கு இப்போது அனுப்பியிருக்கிறேன்.