பாம்பு மாத்திரையின் புகை

"சின்னப் பிள்ளைக்கு வெடி வேண்டாம், பாம்பு மாத்திரை குடுங்க." தீபாவளிக் கடைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது. சத்தமில்லை, பொறி பறக்காது, ஆகவே ஆபத்தில்லை என்பது கணக்கு. மூச்சுக்குழாயைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

2016இல் புனேயின் நுரையீரல் ஆய்வு நிறுவனமான செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன், பட்டாசு கொளுத்துபவர் நிற்கும் தூரத்திலேயே கருவியை வைத்து ஆறு வகைகளை அளந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 நுண்துகளின் (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத துகள்) உச்ச அளவு, பாம்பு மாத்திரைக்கு 64,500 மைக்ரோகிராம். ஆயிரம் வாலா சரத்துக்கு 38,540. புஸ்வாணத்துக்கு 4,860தான். இந்தியாவின் 24 மணி நேரச் சராசரி வரம்பு 60. சில நொடி உச்சத்தை நாள் சராசரியோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையல்ல. ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பு வர அந்தச் சில நொடியே போதும்.

காரணம் எளிது. மாத்திரை சுடர்விட்டு எரிவதில்லை, கனன்று புகைகிறது. அரைகுறையாக எரிந்த கரிதான் பாம்பாக நீள்கிறது, மிச்சம் புகையாகிறது. பாம்பு வளர்வதைப் பார்க்கப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து முகத்தை அதன் மேலேயே நீட்டுவார்கள். சரவெடிக்காவது பத்தடி தள்ளி ஓடுவார்கள்!

மத்தாப்பின் பச்சை நிற ஒளி பேரியம் என்ற உலோகத்தின் நச்சு உப்பால் வருவது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடை செய்தது. பசுமைப் பட்டாசு என்றால் புகையே வராது என்று நினைக்க வேண்டாம். துகள் சுமார் 30 சதவீதம் குறையும், அவ்வளவுதான். எந்த மத்தாப்பைப் பிடித்த கையானாலும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அதிரசத்தைத் தொட வேண்டும். கிருமிநாசினி ஜெல் தடவிய கையோடு கொளுத்தவே கூடாது, அதிலுள்ள ஆல்கஹால் பற்றிக்கொள்ளும்.

இழுப்பு உள்ளவர்கள் தினசரி இன்ஹேலரை அன்று விடக் கூடாது, இழுப்பு வந்ததும் எடுக்கும் நிவாரண இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். துணி முகமூடி இந்தத் துகளை வடிகட்டாது. என்95 முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் பயன். தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த நேரத்துக்கு முன்பே சன்னல்களைச் சாத்திவிடுங்கள். இரவில் தரை குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நின்றால் புகை தெருவிலேயே தேங்கும். காற்றோ மழையோ வந்தால்தான் கலையும். அதனால் மறுநாள் விடியற்காலை நடைப்பயிற்சிக்கு விடுமுறை விடலாம்.

வெடிக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்பது ஒலிக்கான சட்ட வரம்பு. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும். இருபுறமும் சுவர் உள்ள சந்தில் அந்தக் கணக்கு செல்லாது, எதிரொலி சேர்ந்துகொள்ளும். காதில் 'கொய்ங்' என்ற இரைச்சல் மறுநாளும் நின்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பேனா மை, பற்பசை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம்.

எரிந்த மத்தாப்புக் கம்பி வெகு நேரம் சுடும், செருப்பில்லாத கால் அதில்தான் மிதிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து உடனுக்குடன் போடுங்கள். நமுத்ததைத் திரும்பக் கொளுத்தாமல், கால் மணி நேரம் பொறுத்து, அதே வாளியில் ஊறவிடுங்கள். வாசலைக் காய்ந்தபடி பெருக்கினால் படிந்த துகள் மறுபடி எழும்பும். தண்ணீர் தெளித்துக் கூட்டி, குப்பையைக் கொளுத்தாமல் தனிப் பையில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.