முகப்பு ஷீட்டைக் கழற்றுவது யார் பொறுப்பு?

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. ஸ்டில்ட் பார்க்கிங், அதன் மேல் ஐந்து மாடி. 2020-ல் சாவி வாங்கியபோது முகப்பில் பளபளவென்று ஏ.சி.பி. ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டிய அலங்காரப் பலகை) இருந்தது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதைக் கழற்ற 2024-ல் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். கொளத்தூர், மாதவரம், தண்டையார்பேட்டை என்று இந்தப் பக்கம் எழும்புகிற பல கட்டடங்களில் இப்படி ஷீட் போடுவதைப் பார்க்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஒரு ஷீட் பெயர்ந்து பார்க்கிங் வாசலில் விழுந்தது. நல்லவேளை, யாரும் அங்கே நிற்கவில்லை. உடைந்த ஓரத்தைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் கறுப்பாக பிளாஸ்டிக். ஃபேப்ரிகேஷன் வேலை செய்யும் நான்காவது மாடித் தம்பி ஒரு துண்டை வெட்டி லைட்டரைக் காட்டினார். கறுப்பு உருகி எரிந்தபடியே சொட்டியது. தரையில் விழுந்த சொட்டும் அணையாமல் எரிந்தது. "அண்ணா, இது சாதா பாலிஎத்திலீன். எஃப்.ஆர். கிரேடு, அதாவது சீக்கிரம் தீப்பிடிக்காத ரகமா இருந்தா இப்படி ஒழுகாது" என்றார். லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017-ல் 72 பேரைப் பலிகொண்ட தீ மளமளவென்று மேலே ஏறியதற்கு முக்கியக் காரணம் இந்த பாலிஎத்திலீன் வைத்த ஷீட்தான். எங்கள் தெருவிலோ தீபாவளி வந்தால் ராக்கெட் பறக்காத மூலை கிடையாது.

பில்டரைக் கேட்டோம். "சார், அது எலிவேஷனுக்கு, முகப்பு அழகுக்குப் போட்டது. அஞ்சு வருஷப் பொறுப்புங்கறது ஸ்ட்ரக்சருக்கு மட்டும்தான்" என்றார். இந்தப் பதிலோடு பல குடியிருப்போர் சங்கங்கள் திரும்பிவிடுகின்றன. திரும்பாதீர்கள். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு கட்டமைப்புக் குறையை மட்டும் சொல்லவில்லை. வேலைத்திறன், தரம், சேவைகள் ஆகியவற்றில் உள்ள குறைகளையும் சேர்த்தே சொல்கிறது. வீடு கைக்கு வந்த ஐந்து வருடத்துக்குள் தெரியப்படுத்தினால், 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டியது பில்டரின் கடமை. இன்ஜினியர் அறிக்கை, புகைப்படங்கள் எல்லாம் இணைத்து, சங்கத்தின் பெயரில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். 30 நாள் போனது, பதில் இல்லை. அந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் மனு போட்டோம். வீடு வாங்கியவர்கள் தனித்தனியாகப் போக வேண்டியதில்லை, சங்கமே மனு போடலாம்.

உண்மையான சிக்கல் எங்களுக்குள்தான் வந்தது. அதற்குள் நாங்களே செலவு செய்து ஷீட்டைக் கழற்றிவிடலாம் என்று பேச்சு வந்தபோது, பொதுக்குழுவில் பின்பக்க வீட்டுக்காரர் ஒருவர், "எங்க பக்கம் ஷீட்டே இல்லையே, நாங்க ஏன் காசு போடணும்?" என்று கேட்டார். வெளிச்சுவர் பொதுச் சொத்து, பின்பக்கத்தாரும் இறங்குவது அதே முன்வாசல் படிக்கட்டில்தான் என்று பொறுமையாகப் பேசி, யு.டி.எஸ். (ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத நிலப் பங்கு) அளவுப்படி பிரித்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வைத்தோம். அப்புறம் இன்னொரு வாதம்: "ரெரா உத்தரவு வரட்டும், பில்டரே வந்து கழற்றட்டும்." நான் கடுமையாக எதிர்த்தது இதைத்தான். யார் காசு என்பது வேறு, இன்றைக்கு யார் பொறுப்பு என்பது வேறு. இங்கிலாந்தில் கிரென்ஃபெல்லுக்குப் பிறகு காசு யார் தருவது என்ற சண்டையிலேயே வருடங்கள் ஓடின. அதுவரை எத்தனையோ குடும்பங்கள் அதே ஷீட்டுக்குள்தான் படுத்துத் தூங்கின. ராத்திரி முழுக்கத் தீ கண்காணிக்க ஆள் போட்டு, பல இடங்களில் அந்தச் சம்பளத்தையும் குடியிருப்பவர்களே கட்டினார்கள். ஷீட்டை அகற்றும் செலவை வீட்டுக்காரர்கள் தலையில் கட்டக் கூடாது என்று அங்கே சட்டம் வந்ததே 2022-ல்தான். எங்கள் கட்டடமோ 18.30 மீட்டருக்குள் அடங்குவது, உயரமான கட்டடங்களுக்கு உள்ள கெடுபிடி எங்களுக்குக் கிடையாது. வெளியிலிருந்து யாரும் வந்து கழற்றச் சொல்லப் போவதில்லை.

கழற்றும் தேதியைக் குறிப்பிட்டு, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பில்டருக்கு மறுபடி ஒரு பதிவுத் தபால். இது மிக முக்கியம், இல்லாவிட்டால் ஆதாரத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள் என்று பின்னால் சொல்ல இடமாகிவிடும். ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தோம்.

சவுக்குச் சாரம் கட்டி மேஸ்திரி ஆட்கள் மேலிருந்து ஷீட்டை இறக்க இறக்க, எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி, கீழிருந்து மேல்வரை எந்தத் தடுப்பும் இல்லாமல். தீப்பிடித்தால் அதுதான் புகைக்கூண்டு. உள்ளே புறாக்கூட்டுக் குச்சிகளும் காய்ந்த இறகும் அடையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஏ.சி. அவுட்டோருக்குப் போகும் ஒயர், வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட்டோடு. அந்த ஒயர்களை முதலில் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை என்று நிறுத்திவிட்டேன்.

இறக்கிய ஷீட்டுகளை ஷெட் போட நிறையப் பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. துண்டு துண்டாக வெட்டிய பிறகே காயலான் கடைக்குப் போனது. அலுமினிய ஃபிரேம் விற்ற பணம் சங்கக் கணக்கில் ஏறியது. ஆணி ஓட்டைகளை அடைத்து, பூசி, பெயின்ட் அடித்து, தீபாவளிக்கு முன்பே வேலை முடிந்தது.

செலவு முழுவதையும் பில்டரிடம் இழப்பீடாகக் கேட்டிருக்கிறோம். அது ரெராவிலேயே தீர்ப்பளிக்கும் அதிகாரி முன்னால் போகும் தனி மனு, விசாரணை நடக்கிறது. உங்கள் கட்டடத்திலும் இந்த ஷீட் இருந்தால், வீடு ஒப்படைத்த கடிதத்தில் உள்ள தேதியை முதலில் பாருங்கள். ஐந்து வருடம் முடியவில்லை என்றால் பொதுக்குழு கூடும்வரை காத்திருக்காமல் பில்டருக்கு இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் கடிதம் போகட்டும் (பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது).