யோக்கை மூலைக்கு மூலை திருப்பிப் பாருங்கள்

நான் வாடகைக்கு எடுத்து ஓட்டும் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் புது ரேடியோ பொருத்தப்பட்டு அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்திருந்தது. வெளிச்சோதனை, எரிபொருள், ஆயில், ரன்-அப்பில் (கிளம்புமுன் இன்ஜினை வேகமாக ஓட்டிப் பார்ப்பது) தீப்பொறி தரும் மேக்னெட்டோ எல்லாம் சரி. அப்புறம் கன்ட்ரோல் செக், அதாவது விமானத்தைத் திருப்பும் பாகங்கள் சரியாக அசைகின்றனவா என்ற சோதனை. யோக்கை, அதாவது விமானியின் கைப்பிடியை, இடமும் வலமும் திருப்பினேன், தடையில்லை. முன்னே தள்ளி, பின்னே இழுத்தேன், தடையில்லை. இத்தோடு "ஃப்ரீ அண்ட் கரெக்ட்" (தடையில்லை, திசையும் சரி) என்று சொல்லி முடித்துக்கொள்பவர்கள் நிறைய. எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் நான்கு மூலைக்கும் கொண்டுபோகச் சொல்லிப் பழக்கியிருந்தார்: முழுக்கப் பின்னே இழுத்துப் பிடித்தபடியே இடக்கோடி, வலக்கோடி, பிறகு முழுக்க முன்னே தள்ளி மறுபடி அதே. அப்படிப் பின்னே இழுத்து வலப்பக்கம் திருப்பியபோது பாதியைத் தாண்டியதும் யோக் நின்றுவிட்டது.

அது நின்ற விதம்தான் முக்கியம். யோக் அதன் எல்லையைத் தொட்டால் 'டக்' என்று இரும்பு இரும்பில் முட்டுவது கைக்குத் தெரியும். இது தலையணையை அழுத்தியதுபோல மெத்தென்று நின்றது, விட்டதும் லேசாகத் திருப்பித் தள்ளியது. வலது இறக்கையைப் பார்த்தேன், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் தகடான ஏய்லரான் பாதிதான் மேலே எழும்பியிருந்தது. பக்கத்தில் இருந்த நண்பரிடம் என் கையையும் இறக்கையையும் சேர்த்து வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, டவரிடம் சொல்லித் திரும்பிவிட்டோம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. ஷிஃப்டில் இருந்த இன்ஜினியர் கதவுக்கு வெளியே நின்றபடியே ஒரு கையை உள்ளே விட்டு யோக்கை இரண்டு முறை ஆட்டினார். "ஃப்ரீயாத்தானே இருக்கு தம்பி?" முழுசா இழுத்துப் பிடிச்சுத் திருப்புங்க சார் என்றேன். அரைவாசி இழுத்துத் திருப்பிவிட்டு, "பழைய விமானம், கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும், பறந்தா சரியாயிடும்" என்றார். கவுன்டரிலோ, இன்ஜினியரே சரி என்று சொல்லிவிட்டார், இப்போது நீங்கள் ரத்து செய்தால் கட்டணம் உண்டு என்கிறார்கள். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து பக்கக்காற்று அடிக்கும்போது தரையிறங்கினால், சக்கரம் தொடும் நேரத்தில் யோக் எங்கே இருக்கும்? பின்னே இழுத்து வலப்பக்கம் திருப்பிய அதே இடத்தில்தான். கையில் வேறு வழியே இல்லாத நேரத்தில், தரைக்குச் சில அடி மேலே போய் மாட்டியிருக்கும்.

வாக்குவாதத்தை விட்டுவிட்டு, விமானத்தின் குறைகளைப் பதியும் ஏடான டெக் லாக்கை வாங்கி எழுதினேன். இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், லாக்கில் ஏறிய குறையை யாராவது சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். 'கன்ட்ரோல் டைட்' என்று எழுதாதீர்கள். எந்த நிலையில், எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பியதும், எப்படி நின்றது என்று எழுதுங்கள்.

மதியத்துக்கு மேல் வந்த மூத்த இன்ஜினியர் வீடியோவை ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் கருவிகள் இருக்கும் பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். புது ரேடியோவின் வயர்க்கட்டு சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. யோக்கைப் பின்னே இழுத்தால் அதன் தண்டு வந்து நிற்கும் இடத்தில் போய் இடுக்கியிருக்கிறது. உரசிய இடத்தில் வயரின் மேலுறை பளபளவென்று தேய்ந்திருந்தது. பல நாடுகளில் கன்ட்ரோல்களில் கை வைத்தால் இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் இது வேலைச்சீட்டில் வெறும் 'ரேடியோ வேலை', அதனால் யாரும் யோக்கை முழுசாக அசைத்தே பார்க்கவில்லை.

இது சின்ன விமானத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், கன்ட்ரோல்களைப் பூட்டும் கஸ்ட் லாக்கை எடுக்காமலே டேக்-ஆஃபுக்கு ஓடி 7 பேர் இறந்தார்கள். அதே விமானிகளின் முந்தைய 175 டேக்-ஆஃப்களில் 98 விழுக்காட்டில் கன்ட்ரோல் செக் முழுமையாகச் செய்யப்படவில்லை என்று பதிவுக்கருவியிலிருந்து விசாரணையில் தெரிந்தது. 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்ப்ரேயர் ஜெட்டில் ஏய்லரான் கேபிள்களே மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. இடம் திருப்பினால் வலம் சாய்கிற விமானத்தோடு வெகுநேரம் போராடி, பேஜா விமானத் தளத்தில் எப்படியோ இறக்கினார்கள்.

அதனால் யோக் தடையில்லாமல் அசைந்தால் மட்டும் போதாது, சரியான திசையில் அசைகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். யோக்கைப் பிடித்தபடி இரண்டு கட்டைவிரலையும் மேலே நீட்டித் திருப்புங்கள். விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க ஏய்லரான் மேலே எழும்ப வேண்டும். இழுத்தால் வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் தகடான எலிவேட்டர் மேலே போக வேண்டும், கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பாருங்கள். வாலில் நிமிர்ந்து நிற்கும், காலால் இயக்கும் ரடரை மட்டும் நின்ற இடத்தில் அழுத்தி மிதிக்காதீர்கள், 172-இல் பெடல் முன்சக்கரத்தோடும் இணைந்திருக்கிறது, டாக்ஸியில் (தரையில் ஓட்டிச் செல்லும்போது) மெதுவாக உருளும்போது பார்ப்பது நல்லது. விமானம் பட்டறையிலிருந்து வந்திருந்தால், என்ன வேலை நடந்தது, பேனலைக் கழற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். கழற்றினார்கள் என்றால் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே ஒரு தடவை நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள். பின்னால் யாரும் வரிசையில் நிற்காததால் அவசரமும் இருக்காது.

வயரைக் கட்டிச் சரிசெய்து, அவரும் இன்னொருவரும் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் வெளியே வந்தது. ரத்துக் கட்டணத்தை மூத்த இன்ஜினியரே கவுன்டருக்கு வந்து எடுத்துவிடச் சொன்னார்.