நான்காம் மாடி நாட்குறிப்பு

ஜூன் 6

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஆபரேஷனுக்குத் தேதி சொல்லவில்லை.

பையில் இருப்பது என் வீட்டுக்காரருடைய பைபிள். அதன் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் பக்கத்து ஓரத்திலேயே பென்சிலால் இரண்டு பத்தி போட்டு வைத்திருக்கிறார். கணக்கு வாத்தியார் புத்தி. இடப்பக்கம், முதல் அதிகாரத்தில் படைப்பின் வரிசை: செடி, மரம் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள், மீனும் பறவையும் ஐந்தாம் நாள், மிருகங்கள், பிறகு ஆணும் பெண்ணும் ஆறாம் நாள். வலப்பக்கம், இரண்டாம் அதிகாரத்தின் வரிசை: மனுஷன், தோட்டம், மிருகங்களும் பறவைகளும், கடைசியில் மனுஷி. நடுவில் ஒரு பெரிய கேள்விக்குறி. கீழே விடைக்கு இடம் விட்டிருக்கிறார். காலியாகக் கிடக்கிறது.

கேட்கலாம் என்றால் தூங்குகிறார்.

ஜூன் 7

மழையைக் காணோம். இந்நேரம் ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஜூன் 8

கொழுந்தன் வந்தார். "இதெல்லாம் இப்போ எதுக்கு மதினி?" என்றவர், காபி குடித்து முடிப்பதற்குள் விடையையும் சொல்லிவிட்டார். முதல் அதிகாரம் ஊரைச் சுற்றிக் காட்டுவது, இரண்டாவது அதே ஊரில் ஒரு வீட்டுக்குள் கூட்டிப் போவது. ஆறாம் நாளின் விவரம்தான் அது, அவ்வளவுதான். பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பிரான்சில் இருந்த யூத உரையாசிரியர் ராஷியும் 11-ஆம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்.

முக்கால்வாசி ஒத்துவருகிறது. மிருகங்களிடம் வந்ததும் மாட்டிக்கொள்கிறது. மனுஷன் தனியாக இருக்கிறான் என்று பார்த்த பிறகுதான் கர்த்தர் மண்ணிலிருந்து மிருகங்களை உருவாக்கிக் கொண்டுவருகிறார். "ஏற்கெனவே உருவாக்கியிருந்த" மிருகங்கள் என்று வாசித்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும் என்கிறார்கள். வாசித்துக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் அந்தக் கதையில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாக வந்து முன்னால் நிற்கிறது, அவன் பேர் வைக்கிறான், இது இல்லை, இதுவும் இல்லை. படைத்தவரே துணை தேடி அலைகிற மாதிரி இருக்கிறது. வரிசை சரியாக வரவேண்டும் என்பதற்காக அந்த அலைச்சலைக் கொடுத்துவிட எனக்குச் சம்மதமில்லை.

கொழுந்தன் ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார். இவருக்கு ஆகாது.

ஜூன் 9

சர்க்கரை இறங்கினால்தான் தேதியாம்.

ஜூன் 11

புல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாளில் புல் முளைத்தாயிற்று. இரண்டாம் அதிகாரத்திலோ வெளியில் ஒரு செடிகூட இல்லை. காரணமும் எழுதியிருக்கிறது: கர்த்தர் இன்னும் மழை பெய்யப்பண்ணவில்லை, நிலத்தைப் பண்படுத்த மனுஷனும் இல்லை. யூதர்களின் பழைய விளக்க நூலான தல்மூதில் அஸ்ஸி என்ற ரப்பி, அதாவது யூத குரு, இரண்டையும் இப்படிச் சேர்க்கிறார்: மூன்றாம் நாளில் புல் பூண்டெல்லாம் புறப்பட்டு, மண்ணின் வாசல் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டன. ஆதாம் வந்தான். அவற்றுக்காக வேண்டினான். மழை பெய்தது, முளைத்தன.

போனில் இதை வாசித்ததிலிருந்து வேறு எதிலும் மனசு போகவில்லை. அந்த ரப்பி முரண்பாட்டைப் பூசி மெழுகவில்லை. இரண்டு வசனத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு காத்திருப்பைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லாம் தயார். ஒருவன் கேட்கவேண்டியதுதான் பாக்கி.

அப்படியென்றால் ஆதாமுக்கு வேண்டத் தோன்றாமல் போயிருந்தால்? அல்லது என்னை மாதிரி, பாதி ஜெபத்தில் பில் கவுண்ட்டரில் டோக்கன் என்ன ஆயிற்று என்று நினைத்திருந்தால்? அந்தப் புல் இன்னமும் உள்ளேயே நின்றுகொண்டிருக்குமா? ராத்திரி இரண்டு மணி வரைக்கும் இதே யோசனை. கேட்கிறவன் ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை, அதுதான் ஒரே ஆறுதல்.

ஜூன் 12

சூரியன் நான்காம் நாள்தான் என்றால் முதல் மூன்று நாள் எப்படி நாளாகும்? பழைய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் 3-ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். இங்கே வார்டில் ட்யூப்லைட்டை அணைப்பதேயில்லை. சூரியன் இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று ஓரிகனுக்கு நான் சொல்லித்தரலாம்.

அவருக்குப் பின்னால் வந்த இன்னொரு கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் இந்த முதல் மூன்று அதிகாரங்களோடு 12 புத்தகம் மல்லுக்கட்டினார். பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டது, ஆறு நாள் என்பது நமக்குப் புரிவதற்கான வரிசை, சிலது விதையாகப் புதைந்து கிடந்து அதனதன் காலத்தில் வெளியே வந்தது என்று முடித்தார். அஸ்ஸியின் புல்லுக்குத் தூரத்து உறவு.

ஜூன் 13

பறவைகள் முதல் அதிகாரத்தில் தண்ணீரிலிருந்து வருகின்றன, இரண்டாம் அதிகாரத்தில் மண்ணிலிருந்து. ராஷி சொல்வது: சேற்றிலிருந்து. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 14

இரண்டாம் நாளுக்கு மட்டும் "நல்லது" என்று சொல்லவேயில்லை. ஏன்? இன்று முழுக்க மோசமான நாள்.

ஜூன் 15

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது பைபிள் ஓரத்துப் பத்திகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ழான் அஸ்ட்ரூக்கும் டாக்டர்தான், பதினைந்தாம் லூயிக்கு வைத்தியம் பார்த்தவர். 1753-ல் பேர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஓரிடத்தில் தேவன், இன்னோரிடத்தில் கர்த்தர் என்று வருவதைப் பிடித்துக்கொண்டு, ஆதியாகமத்தை எழுதியவராகச் சொல்லப்படும் மோசே, தன்னிடமிருந்த பழைய ஏடுகளைச் சேர்த்துத்தான் எழுதினார் என்றார். மோசேக்கு ஆதரவாகத்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதே வழியில் போய் மோசேயையே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சரி, இரண்டு ஏடு என்றே இருக்கட்டும். சேர்த்தவருக்குக் கண் தெரியாதா? ஒரு புல் மூன்றாம் நாள் முளைத்து, அடுத்த பத்தியிலேயே காணாமல் போவது அவருக்கு உறுத்தியிருக்காதா? நாலு வார்த்தை மாற்றியிருந்தால் போதும், வாத்தியாருக்குக் கேள்விக்குறியே வந்திருக்காது. மாற்றவில்லை. முதல் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறார், ஆகிறது. இரண்டாம் அதிகாரத்தில் மண்ணைப் பிசைகிறார், நாசியில் ஊதுகிறார், மரம் வைக்கிறார், தான் செய்ததிலேயே ஒன்று நல்லதல்ல என்று பார்க்கிறார். இதில் எந்தக் கடவுளை எடுத்துவிடுவது? வென்டிலேட்டர் தேவைப்படலாம் என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஊதுகிறவர்தான் வேண்டியிருந்தது. மற்ற நேரங்களில், இந்த லிஃப்ட், இந்த வரிசை, இந்த மானிட்டர் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர் நிதானமாக நாள் நாளாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார் என்று நம்பவேண்டியிருக்கிறது.

1965-ல் ரப்பி ஜோசப் சொலவைச்சிக் இரண்டு ஆதாம் என்றே எழுதினார். ஒருவன் பூமியை ஆளுகிறவன், இன்னொருவன் தனிமையில் துணை தேடுகிறவன். இருவரும் ஒரே மனுஷனுக்குள் இருக்கிறார்கள். இவர் எழுந்ததும் சொல்லவேண்டும்.

ஜூன் 17

நாளைக்கு. காலை ஏழு மணி.

மயக்க மருந்து டாக்டர் வந்து, விலாவுக்கு நடுவில் எந்த இடத்தில் திறப்பார்கள் என்று தாளில் வரைந்து காட்டினார். 1847-ல் எடின்பரோவில் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்த ஜேம்ஸ் யங் சிம்ப்சன், இது வேதத்துக்கு விரோதம் என்றவர்களுக்கு ஆதியாகமம் 2:21-ஐ எடுத்துக் காட்டினார்: கர்த்தரே ஆதாமை அயர்ந்து தூங்கவைத்துத்தானே விலா எலும்பை எடுத்தார்? இவரிடம் சொன்னேன். எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தார். "எடுத்த இடத்தைச் சதையால அடைச்சார்னும் இருக்கு பாரு. அதை டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்து."

ஜூன் 18

உள்ளே கொண்டுபோயாயிற்று. மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல. மனுஷி?

ஜூன் 21

ஐசியூ. ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். கையை அழுத்தினார்.

ஜூன் 24

வார்டுக்கு வந்தாயிற்று. கஞ்சி பாதி குடித்தார்.

மத்தேயு 19-ஐ வாசித்துக் காட்டினேன். பரிசேயர்களுக்குப் பதில் சொல்லும்போது இயேசு முதல் அதிகாரத்து "ஆணும் பெண்ணும்" என்பதையும், இரண்டாம் அதிகாரத்து "ஒரே மாம்சம்" என்பதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார். நடுவில் ஒரு தயக்கமும் இல்லை. இதுதான் உங்களுக்கு விடை என்றேன்.

மூச்சுப் பயிற்சிக் கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அவர் சேர்த்தது கல்யாணத்தை. நான் கேட்டது ஆடுமாடு" என்றார். மூன்று பந்தில் ஒன்றுதான் மேலே ஏறுகிறது, அதற்குள் வாதம்.

ராஷிக்கு அந்த இடத்திலும் பதில் இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

"நாளைக்கு டியூப் எடுக்கிறாங்க. நாளன்னைக்குச் சொல்லு."