ஹார்டிங் பார்க்கில் 102

போன சனிக்கிழமை காலை 7.40க்கு ஹார்டிங் பார்க்கில் இடம் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் மெர்செட் ஏரிக் கரையில் இருக்கும் நகராட்சி கோல்ஃப் மைதானம் அது. கோல்ஃப் மட்டையைப் பிடித்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் முழு ஆட்டத்தில், அதாவது ஹோல் என்ற பதினெட்டு குழிகளையும் முடிக்க, 131 முறை அடித்தேன். இந்த எண்ணிக்கை குறையக் குறைய நல்லது. அப்புறம் 118, 112, போன மாதம் இன்னொரு மைதானத்தில் 105. நூறுக்குள் வர வேண்டும் என்பதுதான் இந்த வருட இலக்கு. அதை எங்கே முயன்றாலும் முயலலாம், ஆனால் ஒருமுறையாவது இங்கே முயல வேண்டும் என்று ஆசை.

காரணம் இந்த இடத்தின் கதை. 1925இல் திறந்த மைதானம் இது. அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே ஊரில் இறந்துபோன ஜனாதிபதி ஹார்டிங்கின் பெயரை வைத்தார்கள். அறுபதுகளில் தொழில்முறைப் போட்டிகள் நடந்தன. அதன் பிறகு பராமரிப்பு குறைந்து புல் தேய்ந்து, களை ஏறி, எழுபதுகளிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. 1998இல் பக்கத்திலிருக்கும் தனியார் கிளப்பான ஒலிம்பிக் கிளப்பில் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி நடந்தபோது, வந்த கூட்டத்தின் கார்களை நிறுத்த ஹார்டிங் பார்க்கைத்தான் பயன்படுத்தினார்கள். பந்து உருள வேண்டிய புல்லின் மேல் வரிசையாக கார்கள்.

என்னோடும் கூட வந்த அண்ணனோடும் நால்வராகச் சேர்ந்து ஆட வந்த உள்ளூர்ப் பெரியவர் அதைக் கண்ணால் பார்த்தவர். முதல் ஹோலில் காத்திருந்தபோது மட்டையை நீட்டி, இதோ இந்தப் பக்கமெல்லாம் கார்தான் என்று காட்டினார். பக்கத்தில் நாலாவது ஆளாக அவர் மகள். அவளுக்குப் பத்து வயதில் இங்கேதான் ஆட்டம் சொல்லிக்கொடுத்தாராம்.

அந்த நிலைமையிலிருந்து மீட்டவர் என்று எல்லோரும் சொல்வது சாண்டி டேட்டம் என்ற வழக்கறிஞரை. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவராக இருந்தவர். தனியார் கிளப்புகளில் சௌகரியமாக ஆடிக்கொண்டிருக்கலாம், ஆனால் பல வருடம் நகர சபையின் படிகளில் ஏறி இறங்கினார். சுமார் 1.6 கோடி டாலர் செலவில் மைதானத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டி, 2003 ஆகஸ்டில் திறந்தார்கள். பெரிய போட்டிகள் வரும் அளவுக்குத் தரம் உயர வேண்டும், ஊர்க்காரர்களுக்குக் கட்டணம் குறைவாகவே இருக்க வேண்டும், பிள்ளைகள் கற்றுக்கொள்ள இடம் வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்தே திட்டம் போட்டார்கள். எனக்கு இதில் மூன்றாவதுதான் பெரிதாகப் படுகிறது. உள்ளே ஃப்ளெமிங் என்ற ஒன்பது ஹோல் சின்ன மைதானம் இருக்கிறது. நான் போன வருடம் முழுக்க ஆடிப் பழகியது அங்கேதான். எனக்கு முன்னாலும் பின்னாலும் அரை அளவு மட்டையோடு எட்டு வயதுப் பிள்ளைகள் வருவார்கள்.

ஊர்க்காரர்களுக்குச் சலுகை என்றேன். நான் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன், அதனால் எனக்குச் சலுகை கிடையாது, நன்றாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. நியாயம்தான். மைதானம் அந்த ஊர் மக்களுடையது. சென்னையில் பள்ளி நாட்களில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. மதிலுக்கு வெளியே பஸ்ஸில் போவோம், உள்ளே போகலாமா என்று கேட்கக்கூடத் தோன்றியதில்லை. இங்கே நான் போனில் நேரம் பதிந்து, காசு கட்டி, மட்டைப் பை வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போகிறேன். உறுப்பினரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

காலையில் பனிமூட்டம். இருநூறு கெஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்த அண்ணன் கூட வந்திருந்தார், கோயம்புத்தூர்க்காரர். "தம்பி, இன்னைக்கு ஒரு கிளப் கூட எடுத்துக்கங்க. பந்து போகாது" என்றார். வழக்கத்தைவிட ஒரு படி தூரம் போகிற மட்டையை எடு என்று அர்த்தம். சன்னிவேல் பயிற்சி மைதானத்தில் 150 கெஜம் போகிற என் ஏழாம் அயர்ன் (இரும்பு மட்டை, எண் குறைந்தால் தூரம் கூடும்), கடல் காற்றும் ஈரமும் சேர்ந்த இந்தக் குளிரில் 140ஐத் தாண்டவே இல்லை. மூன்று ஹோல் முடிந்த பிறகுதான் அவர் சொன்னதை நம்பி ஆறாம் அயர்னுக்கு மாறினேன். அந்த மூன்றிலும் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு, முன்னாலேயே பந்து நின்றுவிட்டது.

இன்னொரு பாடம் ரஃப், அதாவது ஓரத்து நீளப்புல். கட்டையாக வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேயை விட்டு இரண்டு அடி விலகினாலே பந்து புல்லுக்குள் உட்கார்ந்துவிடுகிறது, மேல்பாதிதான் தெரியும். பனியில் நனைந்த நீளப்புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தவுடன் மட்டையின் முகம் உள்பக்கம் மூடி, பந்து இடப்பக்கம் தாழ்வாக ஓடுகிறது. இரண்டாவது ஹோலில் இரண்டு முறை இப்படி ஆனது. அண்ணன் குனிந்து என் மட்டை முகத்தை வலப்பக்கம் கொஞ்சம் திறந்து வைத்தார், பிடியை இறுக்கச் சொன்னார். நீள மட்டையை பைக்குள் போட்டுவிட்டு ஒன்பதாம் அயர்னை எடுக்க வைத்தார். தூரம் கிடைக்கவில்லை, ஆனால் பந்து வெளியே வந்தது. நாள் முழுக்க ரஃபில் அதையே செய்தேன். அன்று கற்றதில் பயனுள்ளது இதுதான்.

ஐந்தாவது ஹோல் சைப்ரஸ் மரத்துக்குப் போனது. டீ என்ற தொடக்க மேடையிலிருந்து அடித்த பந்து வலப்பக்கம் விலகி மரத்தின் உச்சியில் பட்டது. 'டக்' என்ற சத்தம் நால்வருக்கும் கேட்டது. விழுகிற சத்தம் கேட்கவில்லை. பெரியவர் உடனே இன்னொரு பந்தை அடித்துவிட்டுப் போகச் சொன்னார், பழக்கப்பட்டவர். மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தோம். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, பாய் விரித்த மாதிரி தட்டையாகக் கிடக்கின்றன. அதன்மேல் பந்து உட்கார்ந்தால் கீழே வர வழியே இல்லை. தேட மூன்று நிமிடம்தான் விதி. மூன்று நிமிடம் முடிந்ததும் இரண்டாவது பந்தோடு நடந்தேன். அந்த ஹோலில் 8. முதல் ஒன்பதில் 52.

பின் ஒன்பதுதான் இந்த மைதானத்தின் உயிர். ஏரி பக்கத்தில் வந்துவிடுகிறது, பனியும் பத்தரை மணிக்கு விலகியது. பத்தாவது 7, பதினொன்று 4, பன்னிரண்டு 7, அப்புறம் வரிசையாக மூன்று 6. அந்த 6களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மூன்றிலும் கிரீனில் மூன்று பட், அதாவது பந்தைக் குழிக்கு உருட்டும் மெல்லிய அடி.

பதினாறாவது ஹோலுக்கு நடக்கும்போதே எனக்குப் படபடப்பு. சின்ன பார் 4, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோல். 2005இல் டைகர் வுட்ஸும் ஜான் டேலியும் சமநிலையில் முடித்து மோதியபோது, டேலி குட்டி பட் ஒன்றைத் தவறவிட்டுத் தோற்றது இந்த கிரீனில்தான். 2020 ஆகஸ்டில் இங்கே பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டி, கோவிட் காரணமாக பார்வையாளர் ஒருவரும் இல்லை. கடைசி நாளில் 23 வயது காலின் மோரிகாவா டீயிலிருந்தே டிரைவர் என்ற நீள மட்டையால் கிரீனை அடித்து, கொடிக்கு ஏழடியில் நிறுத்தினார். பாரைவிட இரண்டு அடி குறைவாக முடித்த அந்த ஈகிள்தான் கோப்பையைத் தந்தது. பக்கத்து பெர்க்லியில் படித்தபோது இங்கே வந்து ஆடிப் பழகியவர். ஒலிம்பிக் கிளப்பின் கார்கள் நின்ற இடத்துக்கு இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு நாள் வந்தது.

நான் அயர்னில் கை வைத்தேன். "டிரைவர் எடுங்க தம்பி. இங்க வந்து எடுக்கலைன்னா வேற எங்க எடுப்பீங்க?" என்றார் அண்ணன். எடுத்தேன். பிடி தளர்வு, இடது தோள் முழுதாகத் திரும்பட்டும், இந்த இரண்டு மட்டும் மனதில். பந்து மட்டையின் நடுவில் பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. ஃபேர்வேயின் நடுவில் விழுந்து ஓடியது. கொடிக்கு 80 கெஜம் மிச்சம். அதைப் பதினைந்து அடிக்குள் கொண்டுபோய், இரண்டு பட்டில் முடித்தேன். பார். ஹார்டிங் பார்க்கில் என் முதல் பார் பதினாறாவதில். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்கினார்.

பதினேழில் 4. கடைசி ஹோல் ஏரியின் மூலையைச் சுற்றி இடப்பக்கம் வளைகிறது. தைரியம் உள்ளவர்கள் மூலையை வெட்டி அடிக்கலாம். நான் வலப்பக்கம் பாதுகாப்பாக அடித்து 6இல் முடித்தேன்.

பின் ஒன்பது 50. மொத்தம் 102, இதுவரை என் சிறந்த கணக்கு. பட் மட்டும் 39. தொலைந்த பந்து ஒன்று, மரத்தின் மேல்.

முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது பெரியவர் இந்த ஊர் கோல்ஃப் வீரர் கென் வென்ச்சூரியைப் பற்றிச் சொன்னார். இந்த மைதானத்துக் கடையை வென்ச்சூரியின் பெற்றோர் பார்த்துக்கொண்டார்கள். பையனுக்குக் கடுமையான திக்குவாய். யாரோடும் பேச வேண்டாத ஆட்டம் என்று கோல்ஃபைப் பிடித்துக்கொண்டவர். 1956இல் ஊர்ச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் இங்கே அவர் ஆடியபோது பத்தாயிரம் பேர் கூடினார்களாம். 1964இல் யு.எஸ். ஓபன் ஜெயித்தார். அவருடைய கடைசித் தொழில்முறை வெற்றி, 1966இல், இதே ஹார்டிங் பார்க்கில். பிற்பாடு முப்பது வருடத்துக்கு மேல் தொலைக்காட்சியில் வர்ணனை செய்தார்.

அடுத்த மாதம் மறுபடி ஃப்ளெமிங். ஆறடி பட் ஐம்பது, முப்பதடி பட் ஐம்பது, தினமும் வீட்டுக் கம்பளத்திலாவது. 39ஐ 36 ஆக்கினால் போதும், மற்றது தானாக 99க்கு வந்துவிடும். செப்டம்பர் காலை நேரத்துக்குப் பதிந்துவிட்டேன். அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார்.