ஓகா ஆற்றங்கரையில் ஒரு கான்களின் ஊர்

ரியாசானிலிருந்து வடகிழக்கே, ஓகா ஆற்றின் இடது கரையில் உள்ள கசீமோவுக்கு அயல்நாட்டுப் பயணிகள் அதிகம் வருவதில்லை. ஆனால் மாஸ்கோ அரசு எப்படி உருவானது என்று அறிய விரும்புகிறவர்களுக்குக் கிரெம்ளினுக்கு அடுத்தபடியாக நான் சொல்லும் ஊர் இதுதான். மரவீடுகளும் தேவாலயக் கோபுரங்களும் சூழ்ந்த மேட்டில் வெண்கல்லால் கட்டப்பட்ட ஒரு மினாரா நிற்கிறது. பருத்த உருளையின் மேல் சிறிய உருளை ஒன்றை வைத்தாற்போன்ற அதன் தோற்றம் அழகைவிட உறுதியையே காட்டுகிறது. சற்றுத் தள்ளி, 1555இல் ஷா அலி கான் எழுப்பிய கல்லறைக் கட்டடம்; அதன் வாயிலுக்கு மேலே அரபு எழுத்துகள் பொறித்த கற்பலகை இன்றும் இருக்கிறது. அந்தப் பலகையின் முன் நான் நெடுநேரம் நின்றேன். செங்கிஸ்கானின் வழிவந்த இந்த முஸ்லிம் அரசர் 1552இல் இன்னொரு முஸ்லிம் அரசின் தலைநகரான கசானை முற்றுகையிடச் சென்றது, மாஸ்கோவின் கிறிஸ்தவ மன்னரான நான்காம் இவானின் பக்கம் நின்று என்பதை மனம் ஏற்கச் சிறிது நேரம் பிடித்தது.

இத்தகைய ஓர் அரசு மாஸ்கோவின் மண்ணிலேயே தோன்றியதற்குக் காரணம் ஒரு தோல்வி. 1445இல் சூஸ்தாலுக்கு அருகே நடந்த போரில் மாஸ்கோவின் மகா இளவரசர் இரண்டாம் வசீலி, செங்கிஸ்கான் வழிவந்த உலுக் முகம்மது கானின் மகன்களிடம் சிறைப்பட்டு, பெரும் மீட்புப்பணம் தருவதாக ஒப்புக்கொண்டு விடுதலையானார். சில ஆண்டுகளில் அதே உலுக் முகம்மதுவின் இன்னொரு மகனான காசிம், வசீலியின் பணியில் சேர்ந்து இந்த ஊரைப் பெற்றார். ஊரின் இன்றைய பெயர் அவருடையதே. அவர் தொடங்கிய அரசு மாஸ்கோவுக்குக் கட்டுப்பட்டு 1681 வரை நீடித்தது.

1237 முதல் 1240 வரை மங்கோலியத் தலைவர் பாது கானின் படைகள் ரியாசான், விளாதிமிர், கீவ் நகரங்களை அழித்த கதையைப் பள்ளிப் புத்தகங்கள் விரிவாகச் சொல்லும். அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மங்கோலியர் ரஷ்யக் காடுகளில் குடியேறவில்லை. கீழ் வோல்கா ஆற்றங்கரைச் சராய் நகரிலிருந்தபடியே மக்கள்தொகையைக் கணக்கெடுத்து, வரி விதித்து, திருச்சபைக்கு மட்டும் வரிவிலக்கு அளித்து ஆண்டார்கள். மகா இளவரசர் பதவி வேண்டுமென்றால் சராய்க்குச் சென்று கானின் கையால் ‘யார்லிக்’ என்னும் பட்டயத்தைப் பெற வேண்டும். 1318இல், மாஸ்கோவின் போட்டி நகரான த்வேரின் இளவரசர் மிகயில் கானின் முகாமிலேயே கொல்லப்பட்டார். 1327இல் த்வேர் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, மாஸ்கோவின் இவான் கலிதா உஸ்பெக் கானின் படையோடு வந்து அந்நகரை அடக்கினார். அதன் பலனாக மகா இளவரசர் பதவியும், மற்ற இளவரசர்களிடம் திறை திரட்டிக் கானுக்குச் செலுத்தும் உரிமையும் அவருக்கு வந்துசேர்ந்தன. சின்னஞ்சிறு மாஸ்கோ வளர்ந்தது கானை எதிர்த்து அல்ல, கானுக்காக வசூலித்துத்தான் என்றே நான் கருதுகிறேன். 1380இல் குலிக்கோவோ போரில் மங்கோலியப் படையை வென்ற மாஸ்கோ இளவரசர் திமித்ரி தொன்ஸ்காயின் நாணயங்களே இதற்குச் சான்று: ஒரு பக்கம் ரஷ்ய எழுத்தில் அவர் பெயர், சிலவற்றின் மறுபக்கம், 1382இல் மாஸ்கோவை எரித்த தொக்தாமிஷ் கானின் பெயர் அரபு எழுத்தில்.

கிரெம்ளின் ஆயுதக் காட்சியகத்திலுள்ள ‘மோனமாக் மகுடம்’ இதைவிட நேராகப் பேசுகிறது. எட்டுப் பொன்தகடுகளின் மேல் நூலிழை போன்ற பொற்கம்பிச் சுருள்கள், அடியில் மென்மயிர்த் தோல் விளிம்பு, உச்சியில் சிலுவை. பைசாந்தியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மோனமாக்கஸ் தம் பேரனான கீவ் இளவரசர் விளாதிமிர் மோனமாக்குக்கு அனுப்பிய பரிசு என்பது மரபுக்கதை. அப்பேரரசர் 1055இல் இறந்தபோது பேரன் இரண்டு வயதுக் குழந்தை. வேலைப்பாட்டை ஆராய்ந்தவர்களில் பலர், இது 14ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவிலோ கான்களின் நாட்டிலோ செய்யப்பட்டது என்கிறார்கள். சிலுவை பின்னால் பொருத்தப்பட்டதாம். ஜார் மன்னர்கள் முடிசூடியது இதைத்தான்.

புல்வெளித் துருக்கிய மக்களோடு ரஷ்யர்களுக்கு இருந்த உறவு மங்கோலியரோடு தொடங்கியதும் அல்ல. 11ஆம் நூற்றாண்டிலேயே கீவின் பேராயர் இலாரியோன், ஞானஸ்நானம் பெற்ற முந்தைய கீவ் மன்னர் முதலாம் விளாதிமிரைக் ‘ககான்’ என்று புகழ்ந்தார். அது கஸார் என்னும் துருக்கிய இனத்து மன்னர்களின் பட்டம்.

கசீமோவின் மிக வியப்பான மகன் சிமியோன் பெக்புலாதோவிச். இவ்வூரின் கானாக இருந்து ஞானஸ்நானம் பெற்ற அவரை, 1575இல் நான்காம் இவான் ‘முழு ரஷ்யாவின் மகா இளவரசர்’ ஆக்கி, தாம் வெறும் ‘மாஸ்கோ இவான்’ என்று அவருக்கு விண்ணப்பம் எழுதினார். இதற்கு அறிஞர்கள் சொல்லும் காரணங்கள் பல. ஆனால் வேறு எந்தப் பிரபுவையும் அந்த இடத்தில் அமர்த்த இவான் துணிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. செங்கிஸ்கான் குருதிக்கு மாஸ்கோவில் அப்போதும் அத்தனை மதிப்பு இருந்தது. ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் இவான் பதவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சிமியோனை மகா இளவரசராக அனுப்பிவைத்தது த்வேருக்கு.