அரைப்பேர்

கல்யாணமாகி 2018இல் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். துறையூர்க்காரி நான். நாடுதான் புதுசு, பேச்சு நம்ம பேச்சுதானே என்று தைரியமாக இருந்தேன். வந்த வாரமே அத்தை மலையிலிருந்து தெப்பமாக நனைந்து வந்து, "இன்னைக்கு அரைப்பேர்தான் விழுந்துச்சு" என்றார். யாருடைய பேர், அதிலென்ன பாதி என்று விழித்தேன்.

ஒரு நாள் கூலிக்குத்தான் இங்கே 'பேர்'. கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர். அன்று மழையில் கொழுந்து குறைவு. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று தராசில் கழித்தது போக 18 கிலோ தேறவில்லை. அப்போது அடிப்படை நாட்கூலி 500 ரூபாய். அது 2021இல் படியும் சேர்ந்து ஆயிரமாகி, 2024இல் 1,350 ஆனபோது அத்தை வேலையை விட்டிருந்தார்.

என் அப்பா மளிகைக்கடை வைத்து மேலே வந்தவர். "உழைச்சவன் கெட்டதில்ல" என்பது எங்கள் வீட்டில் சாமி வாக்கு மாதிரி. இங்கே அத்தை விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஓடி, அட்டைக்கடியோடு சரிவில் நின்று 42 வருடம் கொழுந்து பறித்திருக்கிறார். ஓய்வு பெற்றபோதும் லயம் என்கிற அதே வரிசைவீடு, காம்பரா என்கிற அதே அறை. இவர் உழைப்பில் என்ன குறை என்று அப்பாவைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

என் கணவர் அரசாங்கப் பள்ளி ஆசிரியர். லயத்தில் பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் "சாரைப் பாரு" என்பார்கள். அவருடைய அண்ணனை யாரும் காட்டுவதில்லை. கணக்கில் அண்ணன்தான் கெட்டிக்காரர் என்பார் அத்தை. மாமனார் சரிவில் விழுந்து இடுப்பு ஒடிந்த வருடம் அண்ணனுக்கு வயது 14, தம்பிக்கு 9. அண்ணன் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடைக்குப் போனார். அந்தக் காசில்தான் தம்பிக்கு பஸ் கட்டணம், டியூஷன், பிறகு கொட்டகலையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எல்லாம். ஐந்து வயது வித்தியாசம், அவ்வளவுதான்.

இதை ஒருநாள் கணவரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப மண்ணெண்ணெய் விளக்குல நான் படிச்சது?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த வீட்டில் படிக்காமல் போக ஆயிரம் சாக்கு இருந்தது. ஆனாலும் அண்ணன் இன்னமும் அந்தக் கடையில் இரவு பத்து மணிவரை துணி மடிக்கிறார்.

கணவரின் கொள்ளுத்தாத்தா எங்கள் முசிறிப் பக்கத்தவர்தான். பஞ்சம் பிழைக்க மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறி தலைமன்னாரில் இறங்கியவர். என் கொள்ளுத்தாத்தா ஊரிலேயே தங்கி இரண்டு ஏக்கர் வைத்திருந்தார். அவர் இங்கே வந்திருந்தால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களையும்தான் நாடில்லாதவர்களாக ஆக்கியிருக்கும்.

போன மாதம் விசா நீடிக்க பத்தரமுல்லை குடிவரவு அலுவலகத்துக்கு இரண்டாம் தடவை அலைந்து வந்து, களைத்துப்போய்ப் புலம்பினேன். அத்தைக்குக் குடியுரிமை கிடைத்ததே 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, நாற்பது கடந்துதான். தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் இங்கதானே பொறந்தேன். எனக்கு விசாகூட இல்லையே புள்ள."